சட்டியும் அச்சும்: அமெரிக்க வீடுகளில் ஈயக்குண்டு வார்ப்பு

அமெரிக்காவில் தம் துப்பாக்கிக்கு வேண்டிய ஈயக்குண்டுகளைத் தாமே வார்த்துக்கொள்ள முனையும் புதியவருக்கு இன்று பரிந்துரைக்கப்படும் பொருள்கள் மிகுதியல்ல: காரீயத்தை உருக்க ஒரு சட்டி, மொண்டு ஊற்ற ஒரு கரண்டி, இரண்டாகத் திறந்து மூடும் ஓர் அச்சு, வார்த்த குண்டின் விட்டத்தைச் சீராக்கும் ஒரு கருவி, குண்டின்மேல் பூச மசகு, உலோகத்தின் சூட்டை அளக்க ஒரு வெப்பமானி. ஒரே மேசையில் அடங்கிவிடும் இந்தச் சாமான்கள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. சட்டியும் கரண்டியும் அடுப்படியிலிருந்து வந்தவை. அச்சு துப்பாக்கிக் கொல்லரின் பட்டறையில் பிறந்தது. விட்டம் சீராக்குவதும் மசகிடுவதும் தனிக் கருவிகளாக ஆனது தொழிற்சாலைத் தோட்டா பரவிய பிறகே. இந்த வளர்ச்சியைத் துப்பாக்கியின் மாற்றங்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை. எந்தக் காலத்தில் யாருடைய பழைய ஈயம் மலிவாகக் கைக்குக் கிடைத்தது என்பதும் அதே அளவுக்குத் தீர்மானித்தது.

18ஆம் நூற்றாண்டில் எந்த அச்சை வாங்குவது என்ற கேள்வியே எழவில்லை, ஏனெனில் அச்சு துப்பாக்கியோடு வந்தது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீள ரைஃபிள்களின் குழல்கள் ஒவ்வொன்றும் கையால் துளைக்கப்பட்டு, உட்புறத்தில் திருகுச் சுழலாக வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டவை. ஆகவே ஒரே கொல்லர் செய்த இரண்டு துப்பாக்கிகளின் குழல்விட்டங்கள்கூட ஒன்றாக அமைவதில்லை. துப்பாக்கியைச் செய்து முடித்ததும் கொல்லர் அதன் குழலுக்குப் பொருந்தும் உருண்டை வெட்டுளி ஒன்றைக் கடைந்து, அதைச் சூடேற்றிப் பதப்படுத்தி, இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு இடையே சுழலவிட்டு நெருக்குவார். வெட்டுளி இரு பக்கமும் அரைக்கோளக் குழிகளைக் கடைந்துவிடும். அந்தத் துண்டுகளுக்குக் கைப்பிடி சேர்த்தால் இடுக்கி போன்ற அச்சு ஆயத்தம். செர்ரிப் பழத்தை ஒத்த உருவத்தால் அந்த வெட்டுளிக்குச் செர்ரி என்றே பெயர் நிலைத்தது. இன்றும் அச்சுத் தொழிற்சாலைகளில் அதே பெயர்தான். இரும்பு கிடைக்காத இடங்களில் மாக்கல்லில் குழி குடைந்தும் அச்சுகள் செய்தனர்.

குழலின் அளவைச் சொல்லும் முறையே வார்ப்புச் சட்டியிலிருந்து வந்தது. ஒரு பவுண்டு காரீயத்தில் குழலுக்குப் பொருந்தும் குண்டுகள் எத்தனை வார்க்கலாமோ, அந்த எண்ணே துப்பாக்கியின் அளவு. 12 போர் என்றால் பவுண்டுக்குப் பன்னிரண்டு குண்டு. பிரிட்டிஷ் படையின் மஸ்கட் துப்பாக்கிக்குப் பவுண்டுக்கு ஏறத்தாழ 14 குண்டுகள்தான் தேறின. பென்சில்வேனிய ரைஃபிளின் சிறிய குண்டோ பவுண்டுக்கு ஐம்பதுக்கும் மேல் கிடைத்தது. காட்டுக்குள் வாரக்கணக்கில் தங்கும் வேட்டைக்காரர் தோளில் சுமக்க வேண்டிய எடை இதனால் பெரிதும் குறைந்தது. எய்த குண்டை விலங்கின் உடலிலிருந்தோ மரத்திலிருந்தோ தோண்டி எடுத்து மீண்டும் உருக்கும் வழக்கமும் அந்தச் சிக்கனத்தைச் சேர்ந்ததே.

வார்ப்பு எவ்வளவு எளிய வீட்டுவேலையாக இருந்தது என்பதற்கு 1776ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று சான்று. நியூயார்க்கின் பௌலிங் கிரீன் திடலில் 1770இல் நிறுவப்பட்ட மன்னர் மூன்றாம் ஜார்ஜின் குதிரைச் சிலை பொன்முலாம் பூசிய காரீயத்தால் ஆனது. விடுதலைப் பிரகடனம் நகரில் வாசிக்கப்பட்ட ஜூலை 9 அன்று மாலை கூட்டம் அதை இழுத்துத் தள்ளியது. துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிச்ஃபீல்ட் ஊருக்கு, பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவரான ஆலிவர் வால்காட்டின் வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே பெண்களாலும் பிள்ளைகளாலும் குண்டுகளாக வார்க்கப்பட்டது. யார் எத்தனை வார்த்தார் என்று வால்காட் எழுதிவைத்த குறிப்பின்படி ரூத் மார்வின் என்ற பெண் 11,592 குண்டுகளும், வால்காட்டின் 11 வயது மகள் மேரி ஆன் 10,790 குண்டுகளும், வீட்டைச் சேர்ந்த லாரா 8,378 குண்டுகளும், திருமதி மார்வின் 6,058 குண்டுகளும், திருமதி பீச் 1,802 குண்டுகளும், பத்து வயது நிரம்பாத மகன் ஃபிரெடரிக் 936 குண்டுகளும் வார்த்தனர்; பிறர் வார்த்தவற்றையும் படையினருக்குக் கொடுக்கப்பட்டவற்றையும் சேர்த்து மொத்தம் 42,088. மஸ்கட் குண்டுகள் என்று கொண்டு பவுண்டுக்குப் பதினான்காகக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 3,000 பவுண்டு காரீயம். மன்னரின் சிலையே அவர் படைமீது பாய்ந்தது என்ற நயத்தைத்தான் வரலாற்று நூல்கள் விரும்பிச் சொல்கின்றன; தொழில்நுட்ப வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது, ஒரு சிறுமி ஆயிரக்கணக்கான குண்டுகளை வார்க்கத் தனிப்பயிற்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதே. தூய காரீயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பின் தணலுக்கு அது பெரிய சூடன்று.

காரீயமே கொள்கலனாகவும் குண்டாகவும் பயன்பட்ட ஒரு விந்தையான ஏற்பாடு 1803இல் வகுக்கப்பட்டது. பசிபிக் கடற்கரை வரை செல்லும் பயணத்துக்கு ஆயத்தம் செய்த மெரிவெதர் லூயிஸ், வெடிமருந்தை மரப்பீப்பாய்களில் எடுத்துச்செல்லாமல் 52 காரீயக் குப்பிகளில் அடைக்கச் செய்தார். ஒவ்வொரு குப்பியிலும் நான்கு பவுண்டு மருந்து. குப்பியின் எடை எட்டுப் பவுண்டு. ஒரு குப்பி மருந்து தீர்ந்ததும் அந்தக் குப்பியையே உருக்கினால், அதிலிருந்த மருந்துக்குப் போதுமான குண்டுகள் கிடைத்துவிடும். ஆற்றில் படகு கவிழ்ந்தாலும் மருந்து நனையாமல் காத்த இந்த முறை, வார்ப்புச் சட்டியும் அச்சும் பயணக்காரரின் மூட்டையில் இருந்தே தீரும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது.

அந்த நம்பிக்கை அரை நூற்றாண்டுக்குள் தளரத் தொடங்கியது. பிரெஞ்சுப் படை அதிகாரி க்ளோட்-எத்தியென் மினியே 1840களின் இறுதியில் உருவாக்கிய நீள்குண்டின் அடிப்பகுதி உள்ளே குழிந்திருந்தது. மருந்து வெடிக்கும்போது குழிவின் மெல்லிய சுவர் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களில் பதிந்துகொண்டதால், இறுக்கமான குண்டைக் குழல்வாயிலிருந்து தட்டி இறக்கும் வேலை மிச்சமானது. சுவர் விரிய வேண்டுமானால் உலோகம் மென்மையான தூய காரீயமாக இருக்க வேண்டும், அளவும் மாறாதிருக்க வேண்டும். இதனால் அரசு ஆயுதச்சாலைகள் வார்ப்பைக் கைவிட்டுக் காரீயக் கம்பியை எந்திரத்தில் அழுத்திக் குண்டு செய்யும் முறைக்கு மாறின. உள்நாட்டுப் போரில் காரீயத்துக்குத் தவித்த தென்மாநிலங்கள் வர்ஜீனியாவின் சுரங்கத்தோடு நில்லாமல் நகர வீடுகளின் சன்னல் எடைக்கட்டிகளையும் திரட்டி உருக்கின. சாமுவேல் கோல்ட்டின் கைத்துப்பாக்கிகளை வாங்கியவர்களுக்கோ பெட்டிக்குள் மருந்துக்குடுவையோடு, ஒரு குழியில் உருண்டையும் மறுகுழியில் கூர்குண்டும் வார்க்கும் இரட்டை அச்சு இன்னும் கிடைத்துக்கொண்டிருந்தது.

குண்டு, மருந்து, தீப்பொறி தரும் பிரைமர் ஆகிய மூன்றையும் பித்தளை உறைக்குள் அடக்கிய தோட்டா 1860களிலும் 1870களிலும் பரவியபோது கடையில் வாங்குவதே இயல்பாகிவிட்டது. அதோடு வீட்டு வார்ப்பு ஒழிந்திருக்க வேண்டும். ஒழியாததற்குக் காரணம் அந்த விலையுயர்ந்த பித்தளை உறைதான். சுட்ட பிறகும் உறை கெடாமல் இருந்ததால், பிரைமரை மாற்றி, மருந்திட்டு, புதிய குண்டைச் செருகினால் தோட்டா மீண்டும் ஆயத்தமாகிவிடும். மேற்குச் சமவெளிகளில் காட்டெருமைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று தோலை விற்ற வேட்டைக்காரர்கள் காரீயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கி, இரவில் முகாம் தீயில் குண்டு வார்த்து, சுட்ட உறைகளை மீண்டும் நிரப்பினர். அந்தக் கொலைத்தொழிலின் கணக்குவழக்கில் தொழிற்சாலைத் தோட்டா கட்டுப்படியாகவில்லை.

தொடக்கக்காரருக்கான கருவி என்ற கருத்து வணிகப் பொருளாக உருப்பெற்றது இந்தச் சூழலில்தான். கனெக்டிகட்டின் நியூஹேவனில் ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் உற்பத்தி நிறுவனம், பாக்குவெட்டி போன்ற ஒரே கைக்கருவியில் பழைய பிரைமரைத் தள்ளுவது, புதியதைப் பொருத்துவது, குண்டை உறைக்குள் அழுத்துவது ஆகிய எல்லாவற்றையும் அடக்கியது. சில வகைகளில் அதன் முனையிலேயே குண்டு வார்க்கும் அச்சும் இணைந்திருந்தது. சட்டைப்பையிலோ சேணப்பையிலோ அடங்கிய அந்தக் கருவி பண்ணைக்காரருக்கும் மலைவாசிக்கும் ஏற்றது. ஆனால் அச்சும் கைப்பிடியும் ஒரே இரும்பு ஆதலால், பத்துப் பதினைந்து குண்டு வார்ப்பதற்குள் பிடி கையைச் சுட்டுவிடும். துணி சுற்றிக்கொண்டோ கையுறை அணிந்தோதான் தொடர முடியும். பின்னர் வந்த அச்சுகளில் மரப்பிடியும், பிடியிலிருந்து கழற்றி மாற்றத்தக்க அச்சுக்கட்டைகளும் அமைந்ததற்குப் பின்னால் சுட்ட கைகள் நிறையவே இருந்திருக்கும். கட்டைகளின் தலையில் திருகோடு சுழலும் தகடு, இறுகிய காரீயத்தின் மிகுதியை வெட்டியெறியும் வேலையைச் செய்தது. அத்தகட்டின் துளை வழியே ஊற்றும்போது குண்டின் அடிப்பகுதி மேலே அமைவதால், வெட்டு அடிப்பகுதியில் விழுகிறது; அந்த வெட்டு வழவழப்பாக அமைவதே நல்ல அச்சுக்கு அடையாளம். இது வெறும் அழகுக் கணக்கன்று. குண்டுகளின் முனையையும் அடியையும் வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்த மருத்துவர் ஃபிராங்க்ளின் மான், 1909இல் வெளியிட்ட நூலில், முனையின் குறை குறியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை, அடியின் குறையே கெடுக்கிறது என்று காட்டினார்.

பார்லோ கருவியோடு அறிவையும் விற்றார். அவருடைய நிறுவனம் காலந்தோறும் வெளியிட்ட கையேடுகள் பொருட்பட்டியலும் பாடநூலுமாக இருந்தன; எந்தத் துப்பாக்கிக்கு எந்த அச்சு என்பதை எண்களாலேயே சொல்லும் முறை அவற்றில் நிலைபெற்றது. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் குண்டின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் குறிக்கும், எஞ்சியவை வடிவத்தின் வரிசை எண். ஐடியலை 1925இல் லைமன் நிறுவனம் வாங்கிய பிறகும் அந்த முறை தொடர்ந்தது. ஐடஹோ மாநிலத்தின் கால்நடைப் பண்ணைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத், .44 குழல்விட்டக் கைத்துப்பாக்கிக்காக வகுத்த தட்டைமூக்குக் குண்டின் அச்சு 429421 என்ற எண்ணாலேயே இன்றும் அறியப்படுகிறது.

இதற்கிடையில் துப்பாக்கியின் இயல்பே மாறியிருந்தது. பிரான்சின் பால் வியே 1884இல் உருவாக்கிய புகையில்லா மருந்து கரிமருந்தைவிட மிகுந்த விரைவைத் தந்தது. அந்த விரைவில் மென்காரீயக் குண்டு குழலில் உரசி உருகி வரிப்பள்ளங்களை அடைத்துவிடும். படைகளும் தோட்டாத் தொழிற்சாலைகளும் குண்டுக்குச் செம்புக் கலப்பு உறையிட்டுச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டன. வீட்டு வார்ப்பாளருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு மூன்று வழிகள் கிடைத்தன. ஒன்று, பார்லோ அறிமுகப்படுத்திய, குண்டின் அடியில் பொருத்தும் சிறு செம்புக் கிண்ணம். எரிவாயு குண்டின் விளிம்பைத் தின்னாமல் அது தடுத்தது. இரண்டு, குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மசகை நிரப்பி, துல்லிய விட்டமுள்ள துளை வழியே அழுத்தி எடுப்பது. மூன்று, உலோகத்தையே கடினமாக்குவது.

கடினத்துக்குத் துணை நின்றவை இரண்டு. பாத்திரங்களுக்கு ஈயம் பூசப் பயன்படும் வெள்ளீயம், உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறைய உதவும். அஞ்சனக்கல்லிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஆன்டிமனி உலோகத்தை இறுக்கமாக்கும். 16 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் என்பது கைத்துப்பாக்கிக்குக் கீத் விரும்பிய கலவை. லைமனின் இரண்டாம் எண் கலவையோ நூற்றுக்கு 90 காரீயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி. வெள்ளீயமும் ஆன்டிமனியும் விலை கூடியவை என்பதால், நூல் சொன்ன விகிதத்தை வார்ப்பாளர்கள் கடையில் வாங்கிச் சேர்க்கவில்லை, கழிவுலோகத்திலேயே தேடிக்கொண்டனர். ஓட்மார் மெர்கந்தாலரின் லைனோடைப் எந்திரம் 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் இயங்கத் தொடங்கியபின் ஒவ்வொரு நகரத்து அச்சகமும் வரிவரியாக வார்க்கப்பட்ட உலோகத்தைக் குவித்து வைத்திருந்தது. அதில் ஏறத்தாழ 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். தமிழகத்து அச்சகங்களில் கோப்பவர்கள் கையாண்ட ஈய எழுத்துகளும் இதே மூன்று உலோகங்களின் கலவைதான். ஆஃப்செட் முறை பரவி லைனோடைப் எந்திரங்கள் மூலையில் முடங்கியபோது, அச்சகங்கள் கழித்த உலோகம் அமெரிக்கக் குண்டு வார்ப்பாளர்களுக்கு மலிவாகக் கிடைத்த அரும்பொருளாயிற்று. அது தீர்ந்துவர, கார்ச் சக்கரங்கள் அதிராமல் சுழல விளிம்பில் கவ்வவைக்கும் எடைக்கட்டிகள் அவ்விடத்துக்கு வந்தன. டயர்க் கடையில் வாளி வாளியாகக் கிடைத்த அந்தக் கழிவில் ஆன்டிமனி சிறிதளவு ஏற்கெனவே கலந்திருந்தது. நடுத்தர விரைவுக்கு அதுவே போதும்.

விஸ்கான்சினின் ஹார்ட்ஃபர்ட் ஊரில் ரிச்சர்ட் லீ 1958இல் தொடங்கிய நிறுவனம் பின்னர் அலுமினிய அச்சுகளைக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியதும், முதல் அச்சின் செலவு பெரிதும் இறங்கியது. இரும்பா அலுமினியமா என்ற விவாதம் அன்று முதல் ஓயவில்லை. இரும்பு அச்சு மெல்லச் சூடேறும், மெல்ல ஆறும், எண்ணெயிட்டு வைக்காவிட்டால் துருப்பிடிக்கும், ஆனால் தலைமுறை தாண்டி உழைக்கும். அலுமினியம் விரைவில் பதத்துக்கு வந்துவிடும், துருவேறாது, ஆனால் முரட்டுத்தனமாக அடித்துத் திறந்தால் விளிம்பு நசுங்கும். பொறுமை பழகாத தொடக்கக்காரருக்கு அலுமினியம் ஏற்றது என்பதே நியாயமான தீர்ப்பாகத் தோன்றுகிறது, ஏனெனில் அவர் முதலில் கற்க வேண்டியது சூட்டின் பதம். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேல் சுருக்கம் விழும், பள்ளங்களின் விளிம்பு மழுங்கும். பதமான சூட்டில் குண்டு பளபளவென்று கூர்மையான விளிம்புகளோடு விழும். சூடு மிஞ்சினால் அதன்மேல் சாம்பல் நிறப் பனி படர்ந்தாற்போல் மங்கும். மேல்தகட்டில் நின்ற உருகுலோகக் குமிழ் சட்டென்று நிறம் மங்கி இறுகும் நொடியைக் கண்ணால் பிடித்து, இன்னும் ஓரிரு நொடி பொறுத்துத் தகட்டைத் தட்டித் திறக்க வேண்டும். முந்தினால் உலோகம் தகட்டில் இழுபட்டு அடிப்பகுதி பிய்ந்துவிடும்.

சட்டியில் மேலே திரளும் கசட்டை மெழுகுத் துண்டு போட்டுக் கிளறி வெளியேற்றுவது வேலையின் அழுக்கான பகுதி. நஞ்சு பெரிதும் இருப்பதும் அங்கேதான். வார்ப்புச் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகக் குறைவு. கசட்டின் நுண்தூளே கையிலும் உடையிலும் படிந்து வாய்வழி உடலுக்குள் செல்கிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1786இல் நண்பர் பெஞ்சமின் வாகனுக்கு எழுதிய கடிதம் இதை ஏறத்தாழ சரியாகவே தொட்டது. இளமையில் லண்டன் அச்சகத்தில் எழுத்துகளைத் தீயில் காயவைத்துக் கோத்தபோது கைகளில் ஏற்பட்ட வலியை நினைவுகூர்ந்த அவர், உலோகத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் ரொட்டி தின்றதாலேயே தொழிலாளர்கள் நோயுற்றிருக்கலாம் என்று எழுத்து வார்ப்பவர் ஒருவர் கருதியதையும் பதிவு செய்தார். காற்றோட்டம், கை கழுவுதல், வார்க்கும் இடத்தில் உணவு கூடாது, பிள்ளைகள் அருகில் கூடாது என்று இன்றைய கையேடுகள் விதிப்பவற்றில் பாதி அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசி விதியை வால்காட் வீட்டார் அறிந்திருக்கவில்லை. ஈரத்தைப் பற்றிய எச்சரிக்கை இதைவிட உடனடியானது: உருகிய காரீயத்துக்குள் ஈரமான துண்டு ஒன்று மூழ்கினால் நீர் நொடியில் ஆவியாகிச் சட்டியிலுள்ளதை முகத்தில் வாரி இறைக்கும்.

இந்தியாவில் தோட்டா உற்பத்தி 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் இன்றிச் செய்யக்கூடாதது ஆகையால் இத்தகைய பொழுதுபோக்கு இங்கே உருவாகவில்லை. அமெரிக்காவில் அதற்கு நெருக்கடி வேறு திசையிலிருந்து வந்தது. வேட்டையில் விழுந்த விலங்கின் குடலோடு காரீயத் துணுக்குகளையும் விழுங்கிய கலிபோர்னியக் காண்டார் கழுகுகள் 1982இல் 22 மட்டுமே எஞ்சியிருந்தன. 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தால் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்குக் காரீயத் தோட்டா முற்றிலும் விலக்கப்பட்டது. அதற்கு முன்பே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இலும் கலிபோர்னியாவில் 2010இலும் காரீய எடைக்கட்டிகள் தடைசெய்யப்பட, டயர்க் கடை வாளிகளில் இரும்பும் துத்தநாகமும் கலந்து வரத் தொடங்கின. இரும்பு மிதந்துவிடும், எடுத்தெறியலாம். துத்தநாகம் 419 பாகை செல்சியஸில்தான் உருகும் என்பதால், அந்தச் சூட்டுக்குக் கீழே சட்டியை நிறுத்தினால் அதுவும் மிதக்கும். தாண்டவிட்டால் காரீயத்தில் கரைந்து, கலவை கூழ்போலாகி அச்சை நிறைக்காது. எனவே முன்பு தேர்ந்தவர்களின் ஆடம்பரமாகக் கருதப்பட்ட வெப்பமானி புதியவரின் பட்டியலிலும் ஏறியது. ஒவ்வோர் எடைக்கட்டியின் விளிம்பையும் வெட்டுக்குறட்டால் கடித்துப் பார்த்து, பல் எளிதில் பதிந்தால் காரீயம், வழுக்கினால் துத்தநாகம் என்று பிரிப்பது சட்டியை மூட்டுவதற்கு முந்தைய வேலையாயிற்று.